மொடல் ரியும் ஷெவர்லேயும்



போர்க்களங்களிலும் அரசவைகளிலும் நிகழ்ந்த போட்டிகளையே வரலாறு என்று படித்துப் பழகியவர்கள் நாம். இரண்டு மோட்டார் வண்டிகளின் போட்டியும் வரலாறாகுமா என்று சிலர் ஐயுறலாம். ஆயினும் அமெரிக்க ஐக்கிய நாட்டிலே போர்ட் கொம்பனியின் ‘மொடல் ரி’ வண்டியோடு ஜெனரல் மோட்டர்ஸ் கொம்பனியின் ஷெவர்லே வண்டி நடத்திய போட்டி, ஒரு பொருள் எதற்காக வாங்கப்படுகிறது என்ற கேள்விக்கே புதியதொரு விடையைத் தந்துவிட்டது. பழுதடையாத பொருளொன்று வீட்டில் இருக்கும்போதே அதனைப் பழையது என்று கருதி வேறொன்றை நாடும் வழக்கம் நம்மிடையேயும் உண்டல்லவா? அந்த வழக்கத்தின் வேர்களுள் ஒன்றை அப்போட்டியிலே காணலாம்.

முதலில் மொடல் ரியை நோக்குவோம். அது 1908ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 1ஆந் திகதி விற்பனைக்கு வந்தது. அக்காலத்தில் மோட்டார் வண்டி செல்வரின் விளையாட்டுப் பொருளாகவே கருதப்பட்டது. நாட்டுப்புறத்துப் பாதைகளோ மழைக்காலத்தில் சேறும், வெயிற்காலத்தில் புழுதியுமாய்க் கிடந்தன. குதிரையை மிரட்டுவதற்கென்றே வந்த பொறி என்று குடியானவர் அதனை வெறுத்தனர். ஹென்றி போர்ட் தாமும் மிச்சிகன் மாநிலத்துக் குடியானவர் ஒருவரின் மகன். சேற்றுப் பாதையை அறிந்தவர். எனவே நிலத்திலிருந்து உயரமாக நிற்பதும், எடை குறைந்ததும், வனேடியம் கலந்த உறுதியான உருக்கினால் ஆனதுமான ஒரு வண்டியை அவர் செய்தார். அதன் நான்கு சிலிண்டர் எஞ்சின் 20 குதிரை வலுவே உடையது. மணிக்கு நாற்பது மைல் சற்று மேலாக ஓடக்கூடியது. இக்கால நோக்கில் அது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் பள்ளமும் மேடுமான பாதையிலே விலையுயர்ந்த வண்டிகள் அச்சு முறிந்து நின்ற இடங்களை மொடல் ரி நெளிந்து வளைந்து கடந்து சென்றது.

அதனை ஓட்டுவது தனிக்கலை. காலால் மிதிக்கும் மிதிகள் மூன்று. இடப்புற மிதியை முற்றாக அழுத்தினால் வண்டி மெல்ல நகரும். முற்றாக விட்டால் விரைந்தோடும். பாதியில் நிறுத்தினால் எஞ்சின் மட்டும் ஓட வண்டி நிற்கும். நடு மிதி பின்னோக்கிச் செல்வதற்கு. வலப்புற மிதி தடை. வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதுமோ காலால் அன்று, சுக்கானுக்குக் கீழுள்ள சிறு நெம்பினால் கையாலேயே செய்ய வேண்டும். எரிபொருள் எவ்வளவு உள்ளது என்பதைக் காட்டும் கருவி கிடையாது. இருக்கையைத் தூக்கி, தொட்டிக்குள் ஒரு குச்சியை விட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அத்தொட்டியிலிருந்து பெற்றோல் தன் எடையால் மட்டுமே எஞ்சினுக்கு வடிந்து வரும். ஆகவே பெற்றோல் குறைந்திருக்கும் வேளையில் செங்குத்தான மேடு வந்துவிட்டால், வண்டியைத் திருப்பிப் பின்புறமாகவே மேலேற்றினர். முன்னே நின்று கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினை எழுப்ப வேண்டும். கைப்பிடி எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு முறிவதும் உண்டு. கோபக்காரக் குதிரையை வைத்திருப்பவன் அதன் குணத்தைச் சொல்லிச் சொல்லி மகிழ்வதுபோல், இவ்வண்டியை வைத்திருந்தோர் இதன் குறும்புகளைச் சொல்லி மகிழ்ந்தனர். இதனைப் பற்றிய வேடிக்கைக் கதைகள் சிறு நூல்களாக அச்சிடப்பட்டு விற்பனையாயின.

குடியானவன் அதனை வண்டியாக மட்டும் கொள்ளவில்லை. பின்சக்கரம் ஒன்றை உயர்த்தி, அதிலே வார்ப்பட்டையை மாட்டி, மரம் அறுத்தான், நீர் இறைத்தான், தானியம் அரைத்தான். பழுதுபட்டால் தானே திருத்தினான். இத்துணை நெருக்கமாக மக்களின் உழைப்போடு கலந்த வண்டி வேறொன்று இருந்ததாக நான் கருதவில்லை.

இனி அதன் விலையைப் பார்ப்போம். 1908இல் ஐவர் அமரும் திறந்த வண்டி 850 டொலர். 1924இல் அதே வகை வண்டி 290 டொலர். வேறெந்தப் பொருளின் விலையும் ஏறிக்கொண்டிருந்த காலத்தில் இது எவ்வாறு இயன்றது? டெற்றோயிற் நகரை அடுத்த ஹைலன்ட் பார்க் என்னுமிடத்தில் 1910இல் போர்ட் புதிய தொழிற்சாலையைத் திறந்தார். சிக்காகோ நகரத்து இறைச்சிச் சாலைகளில், தொங்கவிடப்பட்ட உடல் ஒவ்வொருவர் முன்பாகவும் நகர்ந்து செல்ல, அவரவர் ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுப்பது வழக்கம். அதனைத் தலைகீழாக்கினாற்போல், 1913இல் இத்தொழிற்சாலையிலே வண்டி நகர்ந்து செல்ல, அவரவர் ஓர் உறுப்பை மட்டும் பூட்டும் முறை தொடங்கிற்று. ஒரு வண்டியின் அடிச்சட்டகத்தைப் பூட்டி முடிக்கப் பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த வேலை, 1914இல் 93 நிமிடங்களாகச் சுருங்கியது. மலிவானது என்பதால் 1914 முதல் 1925 வரை வண்டிகள் யாவும் கறுப்பு நிறத்திலேயே வந்தன.

ஆனால் ஓர் ஆணியை முடுக்குவதே நாள் முழுதும் வேலை என்றால் மனிதன் எத்தனை நாள் பொறுப்பான்? 1913இல் சுமார் 14,000 தொழிலாளரை நிலையாக வைத்திருப்பதற்கு அவ்வாண்டிலே 52,000 பேருக்கு மேல் சேர்க்க வேண்டியிருந்தது. வந்தவர் வந்த வழியே சென்றனர். 1914 ஜனவரியில் போர்ட் நாட்கூலியை 5 டொலராக உயர்த்தியதன் காரணம் கொடைக்குணம் மட்டுமன்று என்பதை இவ்வெண்கள் கூறும். எட்டு மணி நேர வேலைக்கு, முன்னிருந்ததைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு கூலி! தொழிற்சாலை வாயிலிலே பெருங்கூட்டம் திரண்டது. அக்கூலியை முழுதாகப் பெறுவோன் ஒழுக்கமாக வாழ்கிறானா, வீட்டைத் தூய்மையாக வைத்திருக்கிறானா, மது அருந்துகிறானா என்று ஆராயக் கொம்பனியின் ஆட்கள் வீடு வீடாகச் சென்றனர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தமக்கு நன்றென்று பட்டது பிறர்க்கும் நன்று என்பது போர்டின் உறுதியான எண்ணம். அவ்வெண்ணமே அவரை உயர்த்தியது. அதுவே அவரை வீழ்த்தியது என்பதைப் பின்னர்க் காண்போம்.

ஷெவர்லேயின் தொடக்கமோ முற்றிலும் வேறானது. லூயி ஷெவர்லே சுவிற்சர்லாந்தில் 1878இல் பிறந்தவர். அமெரிக்காவிலே பந்தய வண்டி ஓட்டிப் புகழ் பெற்றவர். ஜெனரல் மோட்டர்ஸ் கொம்பனியை 1908இல் நிறுவி, 1910இல் கடன் கொடுத்தோரிடம் அதனைப் பறிகொடுத்த வில்லியம் டூரன்ற் என்ற துணிச்சல்காரர், இப்பந்தய வீரரின் பெயரைத் தாங்கிய கொம்பனியை 1911 நவம்பரில் தொடங்கினார். அவர்கள் செய்த முதல் வண்டி ஆறு சிலிண்டர்களும் 2,150 டொலர் விலையும் உடைய பெரிய வண்டி. மொடல் ரிக்கும் அதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தொலைவு. மலிவான வண்டியே வேண்டுமென்றார் டூரன்ற்; லூயி உடன்படவில்லை. சில ஆண்டுகளுக்குள் அவர் தம் பங்கை விட்டு விலகினார். பெயர் மட்டும் வண்டியிலே தங்கிவிட்டது. அப்பெயர் கோடிக்கணக்கான வண்டிகளில் ஏறிச் சென்றபோதும் அதற்குரியவர் செல்வமின்றி 1941இல் காலமானார்.

1915இல் டூரன்ற் வெளியிட்ட ஷெவர்லேக்கு ‘490’ என்று பெயர். மொடல் ரியின் அன்றைய விலை 490 டொலர் என்பதே காரணம். போர்டும் வாளாவிருக்கவில்லை, தம் வண்டியை 440 டொலருக்கு இறக்கிவிட்டார். விலையிலே போர்டோடு மோதுவது மலையோடு மோதுவதாகும் என்பது அப்போதே தெளிவாயிற்று. ஆயினும் ஷெவர்லே தந்த வருவாயைக் கொண்டு டூரன்ற் பங்குகளை வாங்கி, 1916இல் ஜெனரல் மோட்டர்ஸ் கொம்பனியையே மீண்டும் கைப்பற்றினார். 1920இல் இரண்டாம் முறையும் இழந்தார். அவர் வாழ்வைத் தனியே ஒரு பேச்சாகச் சொல்லலாம், இப்போது இடமில்லை.

1921இல் அமெரிக்காவில் விற்ற மோட்டார் வாகனங்களில் ஏறத்தாழ 60 வீதம் போர்டுடையவை. ஷெவர்லே 4 வீதம். கொம்பனியின் நிலையை ஆராய்ந்த ஆலோசகர்கள் ஷெவர்லேயை மூடிவிடுமாறு அறிவுரை கூறினர். அதனை எதிர்த்து நின்றவர் அல்பிரட் ஸ்லோன். இவர் பொறியியல் கற்றவர், மெலிந்த உடல், மிகைச் சொல் பேசாதவர். 1923இல் கொம்பனியின் தலைவரானார். அவ்வாண்டிலேயே அவருக்குப் பெரும் சோதனையொன்று நேர்ந்தது. மின்சாரத்தால் எஞ்சினை எழுப்பும் கருவியைக் கண்ட மேதை சார்ள்ஸ் கெற்றரிங், தண்ணீருக்குப் பதிலாகச் செப்புத் தகடுகளினூடே வீசும் காற்றினால் குளிரும் எஞ்சினொன்றை ஷெவர்லேக்கெனச் செய்தார். 759 வண்டிகள் உருவாயின. ஏறத்தாழ 100 மட்டுமே மக்களிடம் சென்றன. அவையும் திரும்பப் பெறப்பட்டன. புதுமையான எஞ்சினால் போர்டை வெல்லலாம் என்ற கனவு அத்துடன் முடிந்தது. அது முடிந்தது நல்லதாயிற்று என்றே நான் எண்ணுகிறேன். வெற்றிக்கான வழி எஞ்சினில் இல்லை என்பதை ஸ்லோன் உணர்வதற்கு அத்தோல்வி உதவிற்று.

வேறு எங்கே இருந்தது அவ்வழி? மொடல் ரியை வாங்கியவன் முதன்முறையாக வண்டி வாங்கியவன். நடந்தோ குதிரையிலோ சென்றவனுக்கு எந்த வண்டியும் வரமே. அவனிடம் சென்று நிறத்தைப் பற்றிப் பேசினால் நகைப்பான். ஆனால் 1920களின் நடுப்பகுதியில் வாங்குவோர் பலர் இரண்டாம் முறை வாங்க வந்தவர்கள். அவர்களிடம் ஏற்கெனவே ஒரு வண்டி இருந்தது. அதை விற்றால் புதிய வண்டிக்கு முற்பணமாயிற்று. அப்படி விற்கப்பட்ட பழைய வண்டியோ முதன்முறை வாங்குவோனுக்குப் புதிய மொடல் ரியிலும் மலிவாகக் கிடைத்தது. இவ்வாறு மொடல் ரிக்குப் பகையாக வந்தவற்றுள் பழைய மொடல் ரியும் ஒன்று! எளிதில் சாகாத வண்டியைச் செய்தவர்க்கு அவ்வண்டியின் நீண்ட ஆயுளே இடையூறானது வியப்பன்றோ?

ஸ்லோன் போர்டின் விலைக்குக் கீழே செல்ல முயலவில்லை. சற்று மேலே நின்றார். 1924இல் திறந்த ஷெவர்லே வண்டி சுமார் 510 டொலர்; மொடல் ரி 290 டொலர். ஆனால் போர்டின் விலையிலே மின்சாரத்தால் எஞ்சினை எழுப்பும் கருவி அடங்காது. அதற்குத் தனியே கொடுக்க வேண்டும். ஷெவர்லேயில் கியர் மூன்று. மொடல் ரியில் இரண்டே. 1925ஆம் ஆண்டுக்கென வந்த ஷெவர்லே, டியூபொன் கொம்பனியார் கண்ட ‘டூக்கோ’ என்ற விரைவில் உலரும் வர்ணத்தைப் பூசிக்கொண்டு வந்தது. போர்டின் கறுப்புப் படைக்கு நடுவே அது எப்படித் தோன்றியிருக்கும் என்பதை நேயர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது கூரையும் கண்ணாடியும். திறந்த வண்டி மழையிலும் பனியிலும் பயன்படாது. 1924இல் விற்பனையான வண்டிகளில் மூடிய வண்டிகள் 43 வீதம். 1927இல் 85 வீதம். மொடல் ரியின் மெல்லிய சட்டகம் திறந்த உடலைச் சுமக்கவே செய்யப்பட்டது. மூடிய உடலை ஏற்றியபோது அதன் 20 குதிரை வலு திணறிற்று. 1925இல் இரு கதவுள்ள மூடிய ஷெவர்லே 735 டொலர், அத்தகைய போர்ட் 580 டொலர். 1927இல் அவை முறையே 595, 495. இடைவெளி 155 டொலரிலிருந்து 100 டொலராகக் குறுகியது. அந்த நூறு டொலருக்காகக் குளிரில் கைப்பிடி சுற்றுவானேன் என்று குடும்பத் தலைவியர் கேட்டிருப்பார்கள்!

அந்த நூறு டொலரையும் உடனே கொடுக்க வேண்டியதில்லை. ஜெனரல் மோட்டர்ஸ் 1919இலேயே தவணைக் கடன் கொடுக்கத் தனிக் கொம்பனி அமைத்திருந்தது. கடன்பட்டு வாங்குவதைப் போர்ட் வெறுத்தார். 1923இல் அவர் வேறொரு திட்டம் கொண்டுவந்தார்: வாரந்தோறும் 5 டொலர் வங்கியில் இட்டு, முழு விலையும் சேர்ந்தபின் வண்டியைப் பெற்றுக்கொள்ளலாம். சிக்கனத்தைப் போற்றும் நம் முன்னோர் இதனை மெச்சியிருப்பர். அமெரிக்க மக்களோ முதலில் வண்டியில் ஏறிக்கொண்டு பின்னர்ப் பணங் கொடுப்பதையே விரும்பினர். திட்டம் தோற்றது.

ஷெவர்லேயை நடத்தியவர் வில்லியம் நூட்சன் என்ற டென்மார்க்குக்காரர். போர்டின் தொழிற்சாலைகள் பலவற்றை அமைத்துக் கொடுத்தவர் இவரே. 1921இல் அங்கிருந்து விலகியவர். வீட்டின் இரகசியம் அறிந்தவன் அயல்வீட்டில் குடியேறியது போலாயிற்று. 1924இல் மூன்று இலட்சத்தை எட்டாத ஷெவர்லே விற்பனை 1926இல் ஏறத்தாழ ஏழு இலட்சமாயிற்று.

போர்டைச் சூழ்ந்திருந்தோர் இதனைக் காணாமல் இல்லை. அவர் மகன் எட்செல் புதிய வண்டி வேண்டுமென்று வாதாடினார். எட்செலின் உறவினரும் கொம்பனியின் துணைத் தலைவருமான ஏர்னெஸ்ற் கான்ஸ்லர் 1926 ஜனவரியில் மிகுந்த பணிவோடு நீண்ட குறிப்பொன்றை எழுதி, மொடல் ரியின் காலம் கடந்துவிட்டது என்பதை எடுத்துரைத்தார். அதற்கு விடை கிடைக்கவில்லை. அவ்வாண்டு முடியுமுன் கான்ஸ்லர்தாம் வெளியேற்றப்பட்டார். பதினெட்டு ஆண்டுகளாகத் தம்மை யாவரும் போற்றக் கேட்ட ஒருவருக்கு, மக்கள் மனம் மாறும் என்ற செய்தி பகைவர் சொல்லாகவே ஒலித்தது. இதே ஆண்டுகளில் அவர் நடத்திய செய்தித்தாள் யூத மக்கள் மீது வெறுப்பைப் பரப்பிவந்ததையும், அதற்காக 1927இல் அவர் பகிரங்கமாக மன்னிப்புக் கோர நேர்ந்ததையும் இங்கே நினைவுகூர்தல் தகும். வண்டியிலும் சரி, கருத்திலும் சரி, தாம் பிழை செய்யக்கூடும் என்று அவர் எளிதில் நம்பியதில்லை.

1927 மே மாதம் 26ஆந் திகதி, 1 கோடியே 50 இலட்சமாவது மொடல் ரி ஹைலன்ட் பார்க்கிலிருந்து வெளிவந்தது. எட்செல் வண்டியை ஓட்ட, ஹென்றி போர்ட் அருகில் அமர்ந்து சென்றார். அத்துடன் அவ்வண்டியின் உற்பத்தி முடிவுக்கு வந்தது. ஆனால் அடுத்த வண்டி எது என்பது தொழிற்சாலையில் ஆயத்தமாகவே இல்லை! ஏறத்தாழ ஆறு மாதங்கள் தொழிற்சாலைகள் முடங்கிக் கிடந்தன. பல்லாயிரம் தொழிலாளர் வேலையிழந்து டெற்றோயிற் வீதிகளில் நின்றனர். 5 டொலர் கூலியின் பெருமையைப் பேசும் நூல்கள் பல இந்த ஆறு மாதங்களைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அவ்வாண்டிலே பத்து இலட்சம் வண்டிகளை விற்று ஷெவர்லே முதலிடத்தைப் பிடித்தது.

டிசம்பர் 2ஆந் திகதி போர்டின் ‘மொடல் ஏ’ வந்தது. மூன்று கியர், நான்கு சக்கரங்களிலும் தடை, பல நிறங்கள். அழகிய வண்டிதான், மக்கள் வெள்ளமெனத் திரண்டு பார்த்தனர். ஆயினும் அதன் ஒவ்வோர் அங்கமும் ஷெவர்லே கேட்ட கேள்விக்குப் போர்ட் எழுதிய விடையே ஆகும். அவர் ஒரு முறை விடை எழுதி முடித்தோம் என்று அமைந்தார். ஸ்லோனோ அதே 1927இல் ஹார்லி ஏர்ல் என்பவரின் தலைமையில், வண்டிகளின் உருவையும் நிறத்தையும் தீட்டுவதற்கென்றே தனிப்பகுதி ஒன்றை அமைத்தார். அடுத்த ஆண்டின் இறுதியிலே ஷெவர்லே ஆறு சிலிண்டர் எஞ்சினோடு வந்து நின்றது. கேள்வி ஆண்டுதோறும் புதிதாகக் கேட்கப்படும் என்பதே இதன் பொருள்.

இவ்விரு வண்டிகளில் எது மேலானது என்று என்னை வினவினால், பொறியாக நோக்குமிடத்து மொடல் ரியே என்பேன். இல்லாததை உண்டாக்கியது அது. ஷெவர்லே அதனிலும் வசதியானது, ஓட்ட எளியது. ஆனால் மொடல் ரி பாதையைத் திறந்திராவிட்டால் ஷெவர்லேக்கு வாங்குவோர் ஏது? மனிதரை அறிந்த வகையிலோ ஸ்லோனே வென்றார். ‘இது உனக்குப் போதும்’ என்றது ஒரு வண்டி. ‘இதனிலும் நல்லது அடுத்த ஆண்டு வருகிறது’ என்றது மற்றது. முதற் கூற்றிலே தந்தையின் கண்டிப்பும், இரண்டாவதிலே வணிகனின் இன்சொல்லும் கேட்கின்றன. இரண்டிலும் எனக்கு முழு மனநிறைவில்லை.

இரு கொம்பனிகளின் தொழிலாளருக்கும் அது இருந்ததில்லை. 1936 டிசம்பர் 30ஆந் திகதி பிளின்ற் நகரத்து ஜெனரல் மோட்டர்ஸ் தொழிலாளர் தொழிற்சாலைக்குள்ளேயே அமர்ந்து வேலைநிறுத்தம் செய்தனர். 1937 பெப்ரவரி 1ஆந் திகதி ஷெவர்லே எஞ்சின் செய்யும் தொழிற்சாலையையும் அவர்கள் பிடித்துக்கொள்ளவே, அம்மாதம் 11ஆந் திகதி கொம்பனி அவர்கள் சங்கத்தை ஏற்றது. போர்ட் இணங்கவில்லை. 1937 மே 26ஆந் திகதி, மொடல் ரியின் கடைசிக் கொண்டாட்டம் நிகழ்ந்து சரியாகப் பத்தாண்டுகள் நிறைந்த அன்று, அவருடைய ரூஜ் தொழிற்சாலையின் மேம்பாலத்திலே துண்டுப்பிரசுரம் வழங்க வந்த சங்கத்தினரைக் கொம்பனியின் ஆட்கள் அடித்து வீழ்த்தினர். 1941இல்தான் போர்ட் கொம்பனி சங்கத்தோடு உடன்படிக்கை செய்தது.

மொடல் ரியின் மொத்த எண்ணிக்கையை 1972 பெப்ரவரியில் ஜெர்மனியின் வொல்க்ஸ்வாகன் ‘வண்டு’ கடந்தது. டூரன்ற், போர்ட் இருவரும் 1947இல் மூன்று வாரங்களுக்குள் ஒருவர் பின் ஒருவராக மறைந்தனர். வண்டி நின்ற பின்னரும் மொடல் ரியின் எஞ்சினைக் கேட்போர் இருந்தனர். அதன் உற்பத்தி 1941ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 4ஆந் திகதி வரை நடைபெற்றது.